விருந்தாக வரும் அணிக்கு உச்சி வெயிலில் ஆட்டம் வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்பந்துப் போட்டி நோட்டீஸ்கள் சுவர்களில் ஒட்டப்பட்டுவிடும். பள்ளி மைதானத்திலோ ஊர் மைதானத்திலோ சனி, ஞாயிறு இரண்டு நாள் நாக்-அவுட். சேலம், ஈரோடு, சென்னை, ஊட்டி, பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ அணிகள் வருகின்றன. வந்த அணி முதல் ஆட்டத்திலேயே துவண்டு தோற்றால், "தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் தண்ணீர் அல்ல. வெயிலும், தரையும், ஆட்டம் வைத்த நேரமும்தான். இவை எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை அளந்து சொல்ல முடியும், முன்கூட்டியே தடுக்கவும் முடியும். அந்தப் பொறுப்பில் பாதி, அழைக்கிற நம்முடையது.

முதலில் தண்ணீர் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதிக்க ஆண்டுக்கணக்கில் குடிக்க வேண்டும். இரண்டு நாள் தங்கிப் போகிறவரின் கால் ஓய்ந்துபோக அது காரணமாகாது. வயிற்றுப்போக்கு வந்தால் அது கிருமியால் வருவது. மூடாத டிரம்மும், எல்லோரும் ஒரே டம்ளரை முக்குவதும் போதும். உண்மையில் நடப்பது வேறு: போர் தண்ணீரின் உப்புச் சுவை பிடிக்காமல் வெளியூர்ப் பிள்ளைகள் குறைவாகக் குடிக்கிறார்கள். குறைவாகக் குடித்த உடம்போடு பதினொரு மணி ஆட்டத்துக்கு இறங்குகிறார்கள். குழாயோடு மூடிய கேன் வைத்து ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். எல்லோரும் பார்ப்பது செல்போனில் காட்டும் வெப்பநிலையை மட்டும். அது ஆட்டக்காரரின் உடம்புக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. ஓடுகிற உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவது. மண்பானை காற்றோட்டத்தில் சில்லென்று ஆவதும் புழுக்கத்தில் வைத்தால் ஆகாததும் எதனாலோ, அதே காரணம்தான் இங்கேயும். ஆகவே விளையாட்டுக்கென்று மூன்று அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20 சதவீதம், நிழலில் சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 சதவீதம். மூன்றையும் கூட்டினால் வருவது ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தருமபுரியில் சித்திரை மாதப் பிற்பகல், நிழலில் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரவெப்பமானி சுமார் 23 காட்டும். கறுப்புக் கோளம் 50 காட்டினால் மொத்தம் கிட்டத்தட்ட 30. அதே நேரம் சென்னையில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஈரவெப்பமானி 28.5 வரும், கோளம் 46 என்று கொண்டால் மொத்தம் 32.5. நான்கு டிகிரி குறைவாகத் தெரியும் ஊரில்தான் உடம்புக்குச் சுமை கூடுதல். நம் பிள்ளைகள் கடற்கரை மாவட்டங்களுக்குப் போய் இரண்டாம் பாதியில் நின்றுபோவதன் காரணம் இங்கே இருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நீர் போகும், குளிர்ச்சி கிடைக்காது. மாறாகச் சென்னைப் பிள்ளைகள் நம் ஊர் வறட்டு வெயிலை ஓரளவு தாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து: இங்கே வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போயிற்று என்றே தெரியாமல் இருந்துவிடுவார்கள்.

உண்மையில் அதிகம் அடிபடுவது ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு போன்ற மலையூர்களிலிருந்து இறங்கி வருகிற அணிகள். நம் இரு மாவட்டங்களுக்குள்ளேயே ஓசூர் அணி தருமபுரிக்கு வந்தாலும் வேறுபாடு தெரியும். தருமபுரி ஏறத்தாழ 450 மீட்டர் உயரம், ஓசூர் 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில் இரண்டு ஊருக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். குளிர்ந்த ஊரில் பழகிய உடம்புக்கு வெயில் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நான்கைந்து நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே ஓட்டத்துக்கு நாடித்துடிப்பு குறையும். பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். இதற்குத் தினமும் 60 முதல் 90 நிமிடம் வெயிலில் ஓட வேண்டும். முதல் இரண்டு நாள் பாதி வேகம், பிறகு படிப்படியாக. விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். அத்தனை நாள் முன்னதாக வந்து தங்க எந்தப் பள்ளிக்கும் வசதி கிடையாது. ஆகவே மலையூர் அணிகள் சொந்த ஊரிலேயே இரண்டு வாரம், பிற்பகலில், கூடுதலாக ஒரு மேல்சட்டை அணிந்து பயிற்சி செய்துவிட்டு வருவது நல்லது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைவலி, குமட்டல் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ இருந்து எழுந்த பிள்ளையை இந்தப் பயிற்சியிலும் போட்டியிலும் சேர்க்கவே கூடாது.

இவ்வளவு செய்துகொண்டு வருகிற அணியையும் ஆட்ட நேரம் ஒன்றே கெடுத்துவிடும். 1994 உலகக் கோப்பையில், ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு ஏற்ற நேரம் என்பதற்காக அமெரிக்காவில் நடுப்பகலில் ஆட்டங்கள் வைத்தார்கள். ஆர்லாண்டோ நகரில் மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்ற அயர்லாந்து அணி வெயிலில் பட்ட பாட்டை இன்றும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். 2014இல் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது, ஒவ்வொரு பாதியிலும் ஆட்டத்தை நிறுத்திக் குளிர்விப்பு இடைவேளை விட்டார்கள். அப்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வைத்திருந்த வரம்பு, மேலே சொன்ன கணக்கில் 32. 2022இல் கத்தாருக்காக உலகக் கோப்பையையே நவம்பர், டிசம்பருக்குத் தள்ளினார்கள். தேர்ந்த மருத்துவர்கள் கூடவே வரும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே இவ்வளவு என்றால், பத்தாம் வகுப்புப் பையனுக்கு 32 வரை காத்திருக்கக் கூடாது. பள்ளி ஆட்டங்களுக்கு 28ஐத் தாண்டியதும் இடைவேளை, 30ஐத் தாண்டினால் ஆட்டம் தள்ளிவைப்பு என்று அமைப்பாளர்கள் முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. கால்பந்து விதிப்புத்தகத்தின் 7ஆம் விதியிலேயே ஒரு நிமிடத் தண்ணீர் இடைவேளைக்கும், ஒன்றரை முதல் மூன்று நிமிடக் குளிர்விப்பு இடைவேளைக்கும் இடம் இருக்கிறது. நடுவர் அந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். போட்டி விதிகளில் அமைப்பாளர்கள் அதைச் சேர்த்துவிட்டால் போதும்.

"பதினாறு டீம், ரெண்டே நாள், மதியம் வைக்காம முடியாது" என்பது அமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது. முடியும். 16 அணி நாக்-அவுட்டுக்கு 15 ஆட்டம். பாதிக்கு 20 நிமிடம், இடையில் 5, அணி மாற 5 என்றால் ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். 6 மணிக்குத் தொடங்கினால் 9.20க்குள் நான்கு ஆட்டம். மாலை 4.30க்குத் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் 9.30 வரை ஆறு ஆட்டம். முதல் நாளே பத்து முடிந்துவிடும். மறுநாளுக்கு ஐந்துதான், காலையில் மூன்று ஆட்டம், மாலையில் பொழுது சாயும்போது மற்றொரு அரையிறுதியும் இறுதி ஆட்டமும். மழை வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும். விளக்கு வாடகை, ஜெனரேட்டர் டீசல் செலவு கூடும் என்பது உண்மை. மேடைக்கும் மாலைக்கும் சால்வைக்கும் செலவழிப்பதில் கொஞ்சத்தை அங்கே திருப்பலாம். கூடவே, வெளியே போன ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டுக்கு இளையோர் ஆட்டங்களில் விதிப்படியே வழி உண்டு. கோடைப் போட்டிகளில் அதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

குடிக்கும் அளவு. 60 கிலோ எடையுள்ள ஆட்டக்காரர், ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 300 முதல் 400 மில்லி குடிக்க வேண்டும். ஒவ்வோர் இடைவேளையிலும் 150 முதல் 200 மில்லி. கோடையில் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வியர்வை போகும். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 1.2 கிலோ, குறைந்துவிட்டால் ஓட்டமும் முடிவெடுக்கும் வேகமும் தளரத் தொடங்கும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், ஒரே மூச்சில் அல்லாமல் மெல்ல மெல்லத் திருப்பிக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஒரு லிட்டர் நீருக்கு அரை டீஸ்பூன் உப்பும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கினால் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. வந்தவர்களுக்கு நம் ஊர்க் களியும் கோழிக் குழம்பும் போட ஆசைப்படுவது இயல்புதான். அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் கனமான எதுவும் வேண்டாம்.

இதில் யாரும் நோட்டீஸில் போடாத விஷயம் ஒன்று உண்டு. பெண்கள் அணிகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் வருகின்றன. வேனில் மூன்று நான்கு மணி நேரம், வழியில் போக இடமில்லை. மைதானத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், அல்லது கதவே இருக்காது. காலையிலிருந்து ஒரு வாய் நீர் இல்லாமல் 38 டிகிரியில் இறங்கும் பெண்ணுக்கு, ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த 2 சதவீதம் போயிருக்கலாம். பெண்கள் போட்டி நடத்துகிறவர்கள் கோப்பை வாங்குவதற்கு முன்பு, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இரண்டுக்கு ஏற்பாடு செய்யட்டும். மைதானத்தில் இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியின் சாவியை வாங்கி, பொறுப்பான ஒரு பெண்மணியிடம் கொடுத்து வைக்கட்டும்.

அடுத்தது தரை. நம் மைதானங்களில் பெரும்பாலானவை செம்மண்ணும் சரளையும். கோடையில் சிமென்ட் போல இறுகிவிடும். பந்து மார்பு உயரத்துக்கு எழும்பும், மேலே தூசி இருந்தால் வழுக்கிக்கொண்டும் போகும். புல்லில் ஆடிப் பழகிய அணி, அடியில் நீள முனைகள் (ஸ்டட்) உள்ள பூட்ஸோடு வந்தால் ஸ்டட் மண்ணில் இறங்காது. உடம்பின் பாரமெல்லாம் சில புள்ளிகளில் நிற்கும். குதிகால் வலி, கொப்புளம், கணுக்கால் பிசகுவது எல்லாம் அதனால்தான். சின்னச் சின்ன ரப்பர் முனைகள் நிறைய உள்ள டர்ஃப் ஷூதான் இதற்குச் சரி. டிராக்டர் டேங்கரில் தண்ணீர் அடித்தால் தரை இளகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் உள்ள களத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்கவே 6,400 லிட்டர் வேண்டும். 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று தூசியை அடக்கும், அவ்வளவுதான். அதையும் முந்தைய நாள் மாலையிலேயே அடிக்க வேண்டும்; ஆட்டத்துக்கு அரை மணி முன்பு அடித்தால் மேல்மண் மட்டும் சேறாகி வழுக்கும். கோடு போடச் சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்; வியர்வையோடு கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். சாக்பீஸ் தூளோ கோலமாவோ போதும். செயற்கைப் புல் போட்ட சிறு களங்கள் இப்போது பெருகிவிட்டன. நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். தண்ணீர் தெளித்தால் கிடைக்கும் குளிர்ச்சி கொஞ்ச நேரத்துக்குத்தான். பகல் வேளையில் அங்கே ஆட்டம் வைப்பது செம்மண் மைதானத்தை விடவும் மோசம்.

பந்தின் காற்றழுத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். சென்னையில் 11 பிஎஸ்ஐ ஏற்றிய பந்தை ஓசூருக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜ் சுமார் 12.4 காட்டும். அதே பந்து வெயிலில் கிடந்து 30 டிகிரியிலிருந்து 45க்குச் சூடேறினால் இன்னும் ஒன்றேகால் கூடும். விதிக்குள்தான் இருக்கும்; ஆனால் இறுகிய தரையில் அந்தப் பந்தை அடக்குவது பெரும்பாடு. செம்மண்ணுக்கு 9 பிஎஸ்ஐ போதும். பந்தை நிழலில் வைத்து, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கேஜ் வைத்துப் பார்த்து, இரண்டு அணித் தலைவர்களுக்கும் காட்டிவிட்டால் குறை சொல்ல இடமிருக்காது.

ஓசூரில் மூச்சு முட்டுகிறது என்று சமவெளி அணிகள் சொல்வதைக் கேட்கிறோம். பொலிவியாவின் லா பாஸ் மைதானம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2009இல் மரடோனா பயிற்சியளித்த அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. 2007இல் ஃபிஃபா உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2008இல் நிறுத்திவைத்தது. அந்தக் கதை வேறு. 900 மீட்டரில் நுரையீரலுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 8 சதவீதம் அளவுக்குக் குறைவு என்பதால் நீளமான உதை ஓரிரு மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவு கொஞ்சம் குறையும். கோல்கீப்பரும் கிராஸ் போடுகிறவரும் அரை மணி நேரம் உதைத்துப் பார்த்தால் பழகிவிடும். ஊட்டிக்கு, அதாவது 2,240 மீட்டருக்கு, நம் அணி போகும்போதுதான் ஓட்டத்தையே திட்டமிட்டுக் குறைக்க வேண்டியிருக்கும். மார்கழி, தையில் ஓசூர்க் காலை ஆட்டங்களில் குளிர்தான் பிரச்சினை. கடற்கரை அணிகள் வழக்கமான பத்து நிமிட வார்ம்-அப்பை இருபத்தைந்தாக்கினால் தொடைத் தசை பிடிப்பது குறையும்.

ஆடிக் காற்றில் டாஸ் வென்றவர் எந்தப் பக்கம் எடுக்கிறார் என்பதே பாதி ஆட்டம். உள்ளூர் அணிக்குக் காற்று எப்போது திரும்பும் என்று தெரியும். வந்த அணிக்குத் தெரியாது. எதிர்க்காற்றில் ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு வைத்துச் சிறு பாஸ் ஆடுவதும், கோல் கிக்கைப் பக்கத்தில் உள்ள டிஃபென்டருக்கே கொடுப்பதும்தான் வழி. கிழக்கு மேற்காக அமைந்த மைதானத்தில், மாலையில் கிழக்குக் கோலில் நிற்பவர் கண்ணில் வெயில் நேராக விழும். கோல்கீப்பர் தொப்பி அணிய விதி அனுமதிக்கிறது.

கோடை மழையோடு இடி வந்தால் விவாதமே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ அனுப்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம். புளியமரத்தடியிலும் விளக்குக் கம்பத்தடியிலும் ஒதுங்கவே கூடாது.

உயிர் சம்பந்தப்பட்டது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). ஆட்டக்காரர் உளறினாலோ, யாரென்று தெரியாமல் விழித்தாலோ, தள்ளாடி விழுந்தாலோ, உள் உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று விட்டுவிடக் கூடாது. ஓடும்போது வரும் வெப்பவாதத்தில் வியர்வை இருக்கும். ஒருவர் 108க்கு அழைக்க, மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஒரு தார்ப்பாயை விரித்து அதில் படுக்கவைத்து, நான்கு மூலையையும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, 100 லிட்டர் தண்ணீரும் உடைத்த ஐஸ் கட்டியும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தலையை மட்டும் ஒருவர் தண்ணீருக்கு மேலே தாங்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை 39க்குக் கீழே கொண்டுவந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆம்புலன்ஸ் வந்ததும் அவசரப்பட்டு ஏற்றிவிடாமல், குளிர்வித்து முடித்தபின் அனுப்பும்படி மருத்துவ ஊழியரிடம் கேட்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இத்தனைக்கும் தேவை ஒரு தார்ப்பாய், இரண்டு டிரம் தண்ணீர், ஐஸ் பெட்டியில் நான்கைந்து பெரிய கட்டிகள். முதல் ஆட்டத்துக்கு முன்பே இவை மைதானத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே போட்டி நடத்தும் மன்றங்களிடமும் பள்ளிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பரிசுத் தொகையும் சிறப்பு விருந்தினர் பெயரும் அச்சிடும் அதே நோட்டீஸில் தரை செம்மண்ணா புல்லா, களத்தின் நீள அகலம், கோல்கள் எந்தத் திசையில், ஆட்டம் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, தண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்பதையும் போடுங்கள். அதை இரண்டு வாரம் முன்பே வெளியூர் அணிகளுக்கு அனுப்புங்கள். காலை 9.30க்கும் மாலை 4.30க்கும் இடையில் ஆட்டம் வைத்திருக்கும் நோட்டீஸ் வந்தால், பணம் கட்டும் முன்பே நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும்படி வெளியூர் அணிகளின் பயிற்சியாளர்களையும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.